தேவாங்கை அது பாட்டுக்கு விடுங்கய்யா

நேத்து ராத்திரியில இருந்து அந்த வீடியோவைப் பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன். போதும்.

வேலியில இருந்த தேவாங்கைப் பிடிச்சு, மூஞ்சிக்கு நேரா செல்போன் லைட் அடிச்சு, அது தலையை நெஞ்சுக்குள்ள புதைச்சுக்கிட்டா "வெக்கப்படுதுடா"ன்னு ஒரு சிரிப்பு. வெக்கமில்ல சாமி, கண்ணு கூசுது. குரங்குக்குத் தூரத்துச் சொந்தம், பெரிய உருண்டைக் கண்ணு, ராத்திரியில மட்டும் நடமாடுற உயிரு அது.

கீழே ஒரு கமெண்ட்: "மதுரைக்கு ஒரு ஜூ இருந்தா நம்ம புள்ளைகளும் பார்க்கும்ல." அதுக்குத்தான் ஹார்ட்டு அதிகம்.

ஏன் பார்த்தே ஆகணும்? எனக்குப் புரியல, ஏன்?

கால் கிலோவைச் சுத்தித்தான் எடை. பூச்சி பிடிச்சுத் தின்னும். தாவத் தெரியாது, கிளையைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நகரும். வேலியை வெட்டிக் கம்பி போட்டோம்னா தரையில இறங்கி ரோட்டைக் கடக்கும், வண்டியில அடிபடும். வெளிநாட்டுல சில ஜூக்கள்ல பகலை இருட்டாக்கி, மங்கலா ஒரு சிவப்பு விளக்கு போட்டுக் காட்டுறாங்க. நாம? கண்ணாடியைத் தட்டித் தட்டியே கொன்னுருவோம்.

"நீ மட்டும் வண்டலூருக்கு மகளைக் கூட்டிட்டுப் போய் போட்டோ போட்டியே?" போட்டேன். அது வேற. எப்படி வேறன்னு இன்னொரு நாள் சொல்றேன்.

"நீ தேவாங்கு பார்த்ததில்லையா?" பார்த்திருக்கேன். அய்யலூர்ல மாமா தோட்டம். டார்ச்சுல சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுத்திக்கிட்டு மூணு மணி நேரம் கொசுக்கடியில நின்னோம். மரத்துல அடுப்புக் கங்கு மாதிரி ரெண்டு புள்ளி. அவ்வளவுதான். மாமா "பார்த்தாச்சுல்ல, வா"ன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. யாரும் பிடிக்கல, செல்ஃபி எடுக்கல.

அந்தப் பக்கம்தான் 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல 11,806 ஹெக்டேரை ஒதுக்கி கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு அதுதான் முதல். மதுரையில இருந்து ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். ஜூ கேட்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? பிடிக்கிறதே குற்றம், 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிக்குச் சமம்யா!

முன்னாடி கண்ணு மருந்துக்கு, பில்லி சூனியத்துக்குன்னு பிடிச்சானுங்க. இப்ப லைக்குக்குப் பிடிக்கிறீங்க. படிச்சவங்க வேற.

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு கோவமா?"ன்னு கேட்பீங்க. ஆமா. ஆறாம் வகுப்புல சோடாபுட்டிக் கண்ணாடியோட முதல் நாள் போறேன். வாத்தியார் "வாடா தேவாங்கு"ன்னாரு. கிளாசே சிரிச்சுச்சு. பத்தாவது வரைக்கும் அதான் என் பேரு. நடுவுல நிக்க வச்சு, சுத்தி நின்னு பார்க்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு வாய் இருந்தா அதுவும் சொல்லும்.

அதனாலதான் இந்தப் பதிவுன்னு நினைச்சா நினைச்சுக்கங்க. நான் சொன்னதுல எது தப்பு?

அப்புறம், "டேய், உன் சொந்தக்காரன்"னு என்னை டேக் பண்ணின மாப்ள, நாப்பது வயசாச்சு நமக்கு. வீடியோவைத் தூக்கிரு. டேகையும்.