இரண்டு பாதி மைனர்

(யாழ்ப்பாணம், கொக்குவிலில் ஒரு கராஜ். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்கும் தொழிலில் இறங்கத் தீர்மானித்து, பளபளக்கும் பச்சை மொறிஸ் மைனர் ஒன்றைப் பரிசோதனைக்குக் கொண்டு வந்திருக்கிறார். மெக்கானிக் அவரிடம் படித்தவரல்லர். ஆகவே பயமின்றிப் பேசுகிறார்.)

மாஸ்ரர்: தம்பி, கணக்கு மிகவும் எளிது. வாங்குவது 7 இலட்சம், திருத்துவது 2 இலட்சம், கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர் ஒருவருக்கோ கொழும்பிலிருந்து வரும் பழைய கார்ப் பிரியர் ஒருவருக்கோ விற்பது 14 இலட்சம். இலாபத்தை நீங்களே சொல்லுங்கள்.

மெக்கானிக்: விடைக்கு முன் தரவு சரிதானா என்று பார்ப்போம், மாஸ்ரர். காரின் பதிவுப் புத்தகத்தில் எந்த ஆண்டு இருக்கிறது?

மாஸ்ரர்: 1954. அதனால்தான் மதிப்பு என்று விற்பவர் சொன்னார்.

மெக்கானிக்: 1954 ஆம் ஆண்டு மைனரின் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். 1956 இல் மைனர் 1000 என்ற மாதிரி வந்தபோதுதான் அது ஒரே கண்ணாடியானது, பின்கண்ணாடியும் அப்போதுதான் பெரிதானது. உங்கள் காரில் முன்னே ஒரே கண்ணாடி, பின்னேயோ பழைய சிறிய கண்ணாடி. எஞ்சின் 1098 சிசி; அது 1962 இல் வந்தது. 1954 இல் இருந்தது 803 சிசி.

மாஸ்ரர்: பெரிய எஞ்சின் கிடைத்தால் நன்மைதானே?

மெக்கானிக்: ஓடுவதற்கு நன்மை. ஆனால் 14 இலட்சம் கொடுக்க வருபவர், முதலில் புத்தகத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவையே திறப்பார்.

(மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பக்கத்தில் வைக்கிறார். அது ஒட்டாமல் தரையில் விழுகிறது.)

மாஸ்ரர்: உங்கள் காந்தம் வலுவிழந்திருக்கலாம்.

மெக்கானிக்: இதே காந்தம் உங்கள் குடைக் கம்பியில் எப்படி ஒட்டுகிறது பாருங்கள். தகரம் இருந்தால்தான் ஒட்டும், மாஸ்ரர். இங்கே இருப்பது விரல் கனத்துக்குப் பட்டிப் பசை, அதன் மேல் பச்சைப் பெயின்ற். கடற்காற்றில் உக்கிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பதற்குப் பதிலாக அப்பி நிரப்பியிருக்கிறார்கள். காலடி விரிப்பையும் கொஞ்சம் தூக்குங்கள்.

(தூக்குகிறார்கள். முன் ஆசனங்களுக்குக் கீழே, ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, தார் பூசி மறைத்த வெல்டிங் கோடு ஒன்று வளைந்து வளைந்து போகிறது.)

மாஸ்ரர் (சிறிது யோசித்து): இதற்கும் ஒரு வரலாறு உண்டு, தம்பி. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை இரண்டாக வெட்டி, 4 அங்குலம் அகட்டிப் பார்த்து, அந்த அகலத்திலேயே உற்பத்தி செய்ய வைத்தார் என்று படித்திருக்கிறேன். ஆகவே வெட்டி ஒட்டுவது இந்தக் காரின் மரபிலேயே இருக்கிறது.

மெக்கானிக்: அவர் நெடுக்காக வெட்டினார், மாஸ்ரர். இதைக் குறுக்காக வெட்டியிருக்கிறார்கள். முன்பாதி ஒரு கார், பின்பாதி இன்னொரு கார். மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது; தகர உடம்பேதான் காரைத் தாங்குகிறது. கைதடிப் பாலத்தைத் தாண்டும்போது முன்பாதி சாவகச்சேரிக்கும் பின்பாதி யாழ்ப்பாணத்துக்கும் போக விரும்பினால் என்ன செய்வீர்கள்?

மாஸ்ரர்: திருத்த எவ்வளவு காசு முடியும்?

மெக்கானிக்: இதைத் திருத்த முடியாது, கழற்றி உதிரியாக விற்கத்தான் முடியும். வாகன இறக்குமதிக்குத் தடை இருந்த 2020 முதல் 2025 வரை சில்லு உருளும் எதற்கும் ஒரு விலை இருந்தது. இப்போது வாங்குபவர் தெரிவு செய்கிறார். மினுங்குகிற காரை விட்டுவிட்டுப் புகைக்கிற காரைத் தேடுங்கள்.

மாஸ்ரர்: புகைக்கிற காரையா? டெங்குக்குப் புகையடிப்பவர்களுக்கு விற்பதற்கா?

மெக்கானிக்: நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று பொருள். பெரும்பாலும் பிஸ்ரன் ரிங், வால்வுச் சீல் போன்றவற்றோடு வேலை முடியும். எஞ்சினை இறக்கி ஏற்றுகிற செலவு, உக்கிய தகரத்துக்கும் பெயின்ருக்கும் போகிற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. விற்பவரோ புகையைக் கண்டு வெட்கப்பட்டு விலையைக் குறைப்பார். உடம்பு முழுமையாக, விளக்கு வளையம் முதல் கதவுக் கைபிடி வரை எல்லாம் அதன் சொந்தப் பாகங்களாக இருக்கிற கார்தான் நமக்கு வேண்டும்.

மாஸ்ரர்: அடடா! போன மாதம் கொடிகாமத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேனே. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் என்றார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து எஞ்சினைத் தின்றிருக்கும் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டு முற்றம் முழுவதும் புகை.

மெக்கானிக்: முன்கண்ணாடி இரண்டு துண்டா?

மாஸ்ரர்: இரண்டு துண்டு. கதவடியில் சின்னத் துருகூட இல்லை. உடனே போய் அச்சாரம் கொடுத்துவிடவா?

மெக்கானிக்: போகத் தேவையில்லை, மாஸ்ரர். அது கராஜின் பின்பக்கத்தில் நிற்கிறது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன மறுநாளே நான் வாங்கிவிட்டேன்.

மாஸ்ரர்: அப்படியானால் எனக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்?

மெக்கானிக்: புகையோடு ஒரு விலை, புகை நின்ற பிறகு வேறு விலை. நாளைக்குத்தான் ரிங் மாற்றுகிறேன். நீங்கள் நாளை மறுநாள் வாருங்கள்.