ஏழு ஜோடியை வெச்சுக்கிட்டு நான் எதுக்குய்யா அடிக்கணும்?

போக்கர்ல, நடுவுல மூணு பொதுச் சீட்டு திறக்கிற ஃப்ளாப்புக்கு முன்னாடி பந்தயத்தை ஏத்தி ரெய்ஸ் பண்ணினவன் ஃப்ளாப்லயும் பந்தயம் அடிச்சே ஆகணும், அதாவது சீ-பெட் போடணும்னு இனிமே எவனாவது பாடம் எடுத்தா அந்த மேசையை விட்டே எழுந்திரிச்சிருவேன். நேத்து ராத்திரி ஒருத்தன் எடுத்தான். அதுவும் என் சிப்ஸை வாரிக்கிட்டே.

ஆன்லைன்ல ஆறு பேர் மேசை, சீட்டைப் பார்க்காமலே ரெண்டு பேர் போட வேண்டிய பிளைண்ட் 1-2. டீலர் பட்டனுக்கு முன்னாடி சீட்ல என்கிட்ட ஏழு ஜோடி, அதாவது ரெண்டு ஏழு. 5-க்கு ரெய்ஸ் பண்ணினேன், எல்லாரும் சீட்டைப் போட்டுட்டாங்க, 2 போட்ட பிக் பிளைண்ட்ல இருந்தவன் மட்டும் சமமா வெச்சு கால். நடுவுல சேர்ந்த பாட் 11. ஃப்ளாப் விழுது: ஆட்டின் ராணி, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஒன்பது. அவன் பந்தயம் வைக்காம செக், நானும் செக். நாலாவது சீட்டு, அதாவது டர்ன்ல, டைமன் ரெண்டு. அவன் 8 வெச்சான், நான் சீட்டைப் போட்டு ஃபோல்டு. என் நஷ்டம் அஞ்சே அஞ்சு சிப்ஸ். முடிஞ்சுதில்ல? இல்லை. கையைத் திறந்து காட்டுறான்: கிளாவர் ராணி, கிளாவர் பத்து. ஸ்கிரீன்ல என் படத்து மேல ஒரு தக்காளி வந்து நசுங்குது. கூடவே சாட்ல, "ஃப்ளாப்ல சீ-பெட் போட்டிருந்தா நான் போயிருப்பேன் ப்ரோ, ஏன் பயப்படுறீங்க?"

எங்கே போயிருப்பே? ராணி ஜோடி உன் கையில, மேசையிலேயே பெரிய ஜோடி. போதாததுக்கு ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி வரிசையா நிக்குது. ராஜா வந்தாலும் எட்டு வந்தாலும் உனக்கு ஸ்ட்ரெய்ட். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போற ஆளை நான் எந்த மேசையிலயும் பார்த்ததில்லை. நான் 7 வெச்சிருந்தா நீ கால், பாட் 25. டர்ன்ல 17 வெச்சிருந்தா மறுபடி கால், பாட் 59. கடைசிச் சீட்டு ரிவர்ல 40 வெச்சிருந்தா அதுக்கும் கால். அஞ்சோட போனது அறுபத்தொன்பதா போயிருக்கும். அப்பவும் அதே தக்காளியைத்தான் எறிஞ்சிருப்பே, "ஏழு ஜோடியை வெச்சுக்கிட்டு மூணு ரவுண்டுலயும் அடிக்கிறீங்களே"ன்னு.

அந்த ஃப்ளாப்ல நான் அடிச்சா யார் போவாங்க? ஏஸ்-அஞ்சு, ராஜா-நாலு, ஆறு-அஞ்சு. அத்தனையையும் என் ஏழு ஏற்கெனவே ஜெயிச்சுக்கிட்டுதான் இருக்கு. யார் நிப்பாங்க? ராணி, ஜாக்கி, ஒன்பது, பத்து, ரெண்டு ஆட்டின் வெச்சிருக்கிறவன். அதுல பாதி என்னை முந்திருச்சு, மீதி அடுத்த சீட்டுல முந்தக் காத்திருக்கு. எனக்கு உதவ மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு ஏழு. டர்ன்ல வர வாய்ப்பு நூத்துக்கு நாலு சொச்சம். இதுல செக் பண்றதுக்குப் பேர் பயமா?

இந்த உபதேசம் எந்தக் காலத்துதுன்னு தெரியுமா? 2003-ல கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் தகுதி ஆட்டம் வழியா உலகப் போக்கர் போட்டிக்குள்ளே போய், உலக சாம்பியன் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் தூக்கின பிறகு ஊரே போக்கர் ஆட வந்துச்சே, அந்தக் காலத்துது. ஜோடியில்லாத ரெண்டு சீட்டுக்கு ஃப்ளாப்ல மூணுக்கு ரெண்டு தடவை ஒண்ணும் சேராது. சேரலைன்னா அன்னைக்குப் போட்டுட்டுப் போயிருவாங்க. பாதி பாட் வெச்சா மூணுல ஒருத்தன் போனாலே கணக்கு நேராயிரும், அதனால கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாங்க. இன்னைக்கு எவன் போறான்? அதுவும் காசு வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தைத் தடை பண்ணின 2025 ஆகஸ்ட் சட்டத்துக்கு அப்புறம் இங்கே காசு மேசையெல்லாம் மூடியாச்சு, ஆடுறது வெறும் சிப்ஸுக்கு. சும்மா கிடைச்ச சிப்ஸை வெச்சுக்கிட்டு எவனும் ஃபோல்டு பண்றதில்லை. கால் மட்டுமே பண்ணத் தெரிஞ்சவங்க நடுவுல ஏழு ஜோடியை வெச்சு மிரட்டணுமாம்.

நடு ஜோடியை வெச்சு அடிக்கவே கூடாதுன்னு நான் எப்போ சொன்னேன்? ஒன்பது ஜோடி வெச்சிருக்கேன், ஃப்ளாப் ராஜா, அஞ்சு, ரெண்டு, மூணும் வேற வேற சின்னம்னா நான் அடிப்பேன். ஏஸ்-ராஜா, ராஜா-ராணி எல்லாம் ரெய்ஸ் பண்ணின என் பக்கம்தான் அதிகம். 11-க்கு 4 வெச்சாப் போதும், நாலுல ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல அவன் போனாலே எனக்குக் கட்டுப்படி. ஜாக்கி-பத்து வெச்சிருக்கிறவன் ரிவர் வரைக்கும் ஓசியில வந்தா நாலுல ஒரு தடவை என்னை முந்திருவான். அவனை ஏன் ஓசியில விடணும்? ஃப்ளாப் எட்டு, அஞ்சு, ரெண்டுன்னா இன்னும் பெருசாவே அடிப்பேன், ஏஸ்-எட்டு, பத்து-எட்டெல்லாம் காசு கொடுக்கக் காத்திருக்கும். ஆனா உள்ளே மூணு பேர் இருந்தாலோ, நான் முதல்ல பேச வேண்டிய சீட்ல இருந்தாலோ கை தானா செக்குக்குத்தான் போகும். ஏழு ஜோடி எடுத்தா நூத்துக்கு 92 ஃப்ளாப்ல ஏழுக்கு மேல ஒரு சீட்டாவது விழும். பத்து ஜோடிக்கே பத்துக்கு ஏழு தடவை அந்தக் கதி. அத்தனையிலயும் அடின்னு சொல்றவன் ஃப்ளாப்பைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் சாட்ல டைப் பண்ணினேன். அந்தப் பெட்டியில ரெண்டு வரிக்கு மேல ஏறலை. அவன் பயந்தாங்கொள்ளின்னு ஒரு கோழி பொம்மையை அனுப்பிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டான்.

அவனாவது போய்த் தொலைஞ்சான். எனக்கு இடது பக்கம் இருந்தவனை என்ன செய்ய? ஒவ்வொரு கையிலயும், ஃப்ளாப்புக்கு முன்னாடியே, கொடுத்த நேரம் தீர்ந்து கூடுதல் நேரத்தையும் ஓடவிட்டுக் கடைசி நொடியில ஃபோல்டு. ஆகக் கேவலமான ஏழு-ரெண்டைத் தூக்கிப் போட என்னய்யா யோசனை? டீ குடிக்கப் போறதுன்னா எழுந்து போ, ஆட்டத்துல இருந்து ஒதுங்கி உட்கார அங்கே ஒரு பட்டனே இருக்கு!