லீவர் இருக்கு, ஃபோர் வீல் எங்கவே?

பழைய ஜீப்பு விக்கிற அண்ணாச்சிமாரே, நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் டிரைவ்னு கொட்டை எழுத்துல விளம்பரம் போடுதியளே, என்னைக்காவது அந்த வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்கியளா?

திசையன்விளைப் பக்கம் ஒரு மஹிந்திரா கமாண்டர் ஜீப்பு. போட்டோல பாத்தா புது மாப்பிள்ளை மாதிரி நிக்கி. தடித்தடியா டயரு, முன்னால மாட்டுன வண்டியை இழுக்குற வின்ச்சு, கதவுல ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கரு. போன்ல கேட்டேன். "எல்லாம் பக்கா கண்டிசன் தம்பி, நேர்ல வாங்க, பேசிக்கிடலாம்"ன்னாரு. லீவு போட்டுட்டு வேகாத வெயில்ல போய் நின்னா, ஃபோர் வீல் லீவர் இருக்கத்தான் செய்யுது. ஒரு விரலால தட்டுனா அந்தால இந்தால ஆடுது. கீழ எதுலயும் மாட்டலை! மண்ணுல படுத்துப் பாத்தேன். இன்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பிரிச்சு விடுற டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது, அதைக் கொண்டுபோற புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னால கிடையாது, ரெண்டு முன் சக்கரத்துக்கும் பங்கு போடுற டிஃப்ரன்ஷியல் உருண்டையும் முன் ஆக்ஸில்ல கிடையாது. கமாண்டர், பின் சக்கரம் மட்டும் இழுக்குற டூ வீலாவும் வந்துச்சு, ஃபோர் வீலாவும் வந்துச்சு. இது சுத்தமான டூ வீலு. எங்கேயோ காயலான் கடையில லீவரை மட்டும் வாங்கிச் சொருகி வச்சிருக்காவ. கேட்டதுக்கு, "நம்ம ஊர்ல ஃபோர் வீலு எதுக்கு தம்பி, தேரிக்காட்டுக்கா போகப்போறிய?"ங்காரு.

ஆமாவே, தேரிக்காட்டுக்குத்தான் போகப்போறேன். பக்கத்துலதானே கிடக்கு, செம்மணலா!

அம்பாசமுத்திரத்துல இன்னொருத்தரு. "ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன வில்லிஸ் ஜீப்பு சார்"ன்னு ஆரம்பிச்சாரு. போர் முடிஞ்சது 1945-ல. அவரு காட்டுன வண்டி சிஜே-3பி, அந்த மாடலே 1953-லதான் வந்துச்சு. யுத்த ஜீப்புக்கு கிரில்லுல ஒம்பது கீத்து, போனட்டு தாழ்வா இருக்கும். இதுல போனட்டு நெஞ்சு உயரத்துக்கு நிக்கி. உள்ள வச்ச ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் உயரம்னுதான் கம்பெனிக்காரன் போனட்டையே தூக்கி வச்சான். சரி, அந்த இன்ஜினையாவது பாப்போம்னு போனட்டைத் திறந்தா, உள்ள டீசல் இன்ஜின் உக்காந்திருக்கு. ஆர்சியில பெட்ரோல்னு போட்டிருக்கு. "அதெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு, பாத்துக்கிடலாம்"! மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அனுமதி இல்லாம இன்ஜினை மாத்துனா நாளைக்கு வண்டியை ஓரங்கட்டுறப்ப நிக்கப்போறது நான். உம்ம ஆள் அன்னைக்குப் போனை எடுப்பாரா?

இதுல வண்டிக்கு ஆலிவ் பச்சை வேற அடிச்சு, மிலிட்டரி லுக்காம். ராணுவ வண்டியைத் தவிர எதுக்கும் அந்தக் கலரு அடிக்கக் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்லுது. வாங்குன கையோட நான் முதல்ல பெயிண்டுக்குத் தண்டம் அழணும்.

தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் ஓடுன வண்டின்னா இன்னும் கூத்து. மேல பளபளன்னு இருக்கும். பாக்கெட்ல ஒரு காந்தம் வச்சிருப்பேன், அதைக் கதவுக்குக் கீழ வச்சா ஒட்டாம நழுவி விழுது. தகரமே இல்ல, ஓட்டையை அடைச்சுப் பூசுன பட்டி அம்புட்டும்! ஸ்பிரிங் மாட்டுற இடத்துல, வண்டியைத் தாங்குற சேஸிஸ் சட்டத்துல ஸ்குரூ டிரைவரை வச்சு லேசா அழுத்துனேன், துரு பொலபொலன்னு கொட்டுது. பக்கத்துல நின்ன புரோக்கர் கூசாம சொல்லுதான், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." அப்புறம் ஆறு லட்சம் எதுக்குவே கேக்குத?

மாஞ்சோலை எஸ்டேட் வண்டின்னு சொன்னா மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிரணுமாக்கும். மணிமுத்தாறுல இருந்து அந்த மலை ரோட்டுல ஏறிப் பாத்தவனுக்குத் தெரியும், ஸ்பிரிங் பட்டையும் புஷ்ஷும் என்ன கதியில இருக்கும்னு.

கடைசியா எல்லாருக்கும் ஒரு பாட்டு இருக்கு. "ஆர்சி முடிஞ்சா என்ன, விண்டேஜ்ல, அதாவது பழங்கால வண்டின்னு பதிஞ்சிருங்க." யாரு பதியுதா? 2021-ல வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், பழைய உருவம் மாறாம இருக்கணும், பதிவுக்கட்டணமே 20,000 ரூவா. அப்படிப் பதிஞ்சாலும் தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. இவிய விக்கிறது 98 மாடலு! சாதாரணமா ஆர்சி புதுப்பிக்கணும்னாலும், 20 வருஷம் தாண்டுன கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூவா. வண்டி ஓடத் தகுதின்னு வாங்குற எஃப்சி, பசுமை வரி, இன்சூரன்சு எல்லாம் தனி. இதை ஒருத்தராவது விலை பேசுறப்ப வாயைத் திறந்து சொல்லுதியளா?

சூரியன் மறையுற நேரத்துல தாமிரவருணிக் கரையில நிறுத்தி எடுத்த போட்டோ எங்களுக்கு வேண்டாம். வண்டிக்கு அடியில ஒரு போட்டோ, சேஸிஸ் நம்பர் ஒரு போட்டோ, ஆர்சி ஒரு போட்டோ போடுங்க. முடியலையா, "டூ வீலு, பட்டி பாத்தது, ஆர்சி செத்தது"ன்னு உள்ளதை எழுதுங்க. அப்பவும் வாங்க ஆள் வருவான். பாதி விலைக்குக் கேப்பான், அதுக்குத்தானே பயப்படுதிய?