விண்டோஸில் போட்ட டிரைவர் பூட் பென்டிரைவுக்கு வராது

கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸில் லேன் (கேபிள் நெட்வொர்க்) டிரைவரைப் புதுப்பித்தால், டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் முழு நகல்) எடுக்கும் பூட் பென்டிரைவிலும் நெட்வொர்க் வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி வராதுங்க. பென்டிரைவில் ஓடுவது விண்டோஸ் பிஇ என்ற சின்ன விண்டோஸ், அது தனி. ரேமில் ஏறி, எக்ஸ் டிரைவாக நிற்கும். தன்னையே அடக்கி வைத்திருக்கும் பூட்.விம் என்ற இமேஜ் கோப்பில் உள்ள டிரைவர்களைத்தான் அது தானாக எடுத்துக்கொள்ளும். சி டிரைவில் இருப்பதைத் தேடிப் போகாது.

சோதிப்பது சுலபம். பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடியுங்கள். ஈதர்நெட் அடாப்டர் என்ற வரியே இல்லையா? பெரும்பாலும் டிரைவர்தான் இல்லை. வரி இருந்து, முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் டிரைவர் வேலை செய்கிறது. முகவரியைத் தானாகத் தரும் டிஹெச்சிபி பக்கம் பாருங்கள். (இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க கேபிள் மாற்றியவன் நான்.)

டிரைவர் இல்லையென்றால், அந்த லேன் சிப்புக்கான 64 பிட் டிரைவரின் ஐஎன்எஃப் கோப்பை (டிரைவரை நிறுவும் விவரம் உள்ள கோப்பு) 'டிஆர்வி‌லோட்' கட்டளையால் ஏற்றிவிட்டு மறுபடி 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்துப் பாருங்கள், அடாப்டர் தெரியும். இப்படி ஏற்றிய டிரைவர் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமானால் விண்டோஸ் இமேஜைத் திருத்தும் 'டிஸ்ம்' கட்டளை வழியாக பூட்.விம்மிலேயே சேர்க்க வேண்டும்.