முதல் பருவத்தில் நாயைப் பண்ணைக்குக் கூட்டிப்போகாதீர்கள்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அக்டோபர் நடுவில் ஃபெசன்ட் வேட்டை தொடங்கும். கோழிக் குடும்பத்துக் காட்டுப்பறவை அது; ஆணைச் சேவல், பெண்ணைக் கோழி என்போம். புதிதாக நாய் வாங்கிய நண்பர்கள் வருடா வருடம் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "முதல்ல எங்க கூட்டிட்டுப் போறது? காசு கட்டுற பண்ணைக்கா, பொதுநிலத்துக்கா?" பண்ணை என்றால் வளர்த்த பறவைகளை விட்டு, வேட்டையாடக் காசு வாங்கும் இடம்; பொதுநிலம் யாரும் வேட்டையாடக்கூடிய அரசு நிலம். பொதுநிலத்துக்குப் போங்கள். ஒரு பறவைகூடக் கிடைக்காமல் திரும்பினாலும் சரி.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் செம்பி ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர். பதினோரு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனேன். கூண்டில் வளர்த்த சேவல்களைக் காலையிலேயே புல்லுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செம்பி மோப்பம் பிடித்து அழகாகத்தான் நின்றாள். இரண்டு எட்டு முன்னால் வைத்துப் பார்த்தாள், பறவை அசையவில்லை. பாய்ந்து கவ்விவிட்டாள். அன்றைக்கு மூன்று முறை இப்படி நடந்தது. பாயின்டரின் வேலையே வாசம் கிடைத்த இடத்தில் அசையாமல் நின்று, நாம் வரும்வரை காத்திருப்பதுதான். பாய்ந்தாலே கிடைத்துவிடும் என்று அன்று அவள் படித்த பாடத்தை மறக்க ஒரு பருவமே ஆனது.

மறக்கடித்தவை மாநிலத்தின் மேற்கே, லாக் கி பார்ல் பக்கத்துப் பொதுநிலங்களில் இருக்கும் காட்டுச் சேவல்கள். பருவம் தொடங்கி இரண்டு வாரம் போனால் அவற்றுக்கு எல்லாம் தெரிந்துவிடும். கார்க் கதவை அறைந்து சாத்தினால் போதும், சம்பங்கோரைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். செம்பி ஓரெட்டு அதிகமாக நெருங்கினால் கொக்கரித்துக்கொண்டு எழும்பிப் போய்விடும். அப்படி எழும்பிய எதையும் நான் சுடவில்லை. நாய் விரட்டிக் கிளப்பிய பறவையைச் சுட்டு வீழ்த்தினால், விரட்டியதற்கு நாமே பரிசு கொடுத்தது போல ஆகிவிடும். தாழப் பறக்கிற பறவையையும் தொடக்கூடாது, குட்டி நாய் துள்ளிக்கொண்டு பின்னாலேயே வரும். நான்கு வாரக்கடைசிகள் வெறுங்கையோடு திரும்பினோம். கூட வந்த நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் பாதியில் ஒரு காலை. புல்லின் மேல் மாவு தூவியதுபோல் பனி. ஆளுயரப் புல்லுக்குள் அவள் கழுத்து மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, வால் விறைக்க நிற்கிறாள். விலாவில் மட்டும் நடுக்கம். நான் தாண்டிப் போய் நிற்கும்வரை அசையவில்லை. சேவல் எழும்பியது. சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். ஒரே வெடி. கொண்டுவந்து கொடுத்தபோது அவள் உதட்டில் ஒரு செம்பு நிற இறகு ஒட்டியிருந்தது. என் கண் கலங்கிவிட்டது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே மூடப்பட்ட இந்தியாவிலிருந்து வந்தவன் நான். ஊரில் இருப்பவர்கள் "எப்படி மனசு வருது?" என்று கேட்கும்போது அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இங்கே கோழியைச் சுடக்கூடாது, சேவல் மட்டும்தான். ஒரு நாளைக்கு இரண்டு, டிசம்பரில் மூன்று. எழும்பும் நொடியில் சேவலா கோழியா என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். இந்தப் பறவையும் அமெரிக்காவுக்குச் சொந்தமில்லை. 1880களில் சீனாவிலிருந்து ஒரிகனுக்குக் கொண்டுவந்தது. மக்காச்சோளமும் சோயாவும் அடிவானம் வரை விழுங்கிவிட்ட மண்ணில் மிச்சமிருக்கும் புல்வெளிகளில் ஒரு பகுதி வேட்டைக்காரர்கள் காசில் நிற்கிறது. 1937 முதல் ஒவ்வொரு வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி இந்தப் பாதுகாப்புக்குப் போகிறது. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் உரிமத்தோடு வாங்கவேண்டிய முத்திரையின் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிப் போடுகிறார்கள். (அந்தக் கூட்டாட்சி நிலங்களில் ஈய ரவைக்குத் தடை, எஃகு ரவை வாங்கி வையுங்கள்.) ஏழரை டாலர் ஃபெசன்ட் முத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத என்னைப் போன்றவனும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு யாரிடமும் கேட்காமல் உள்ளே நடக்கலாம். பண்ணையில் ஒரு நாளுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒன்று மட்டும். வெடிச்சத்தத்தை முதன்முதலாக வேட்டைக்களத்தில் கேட்கவைக்காதீர்கள். கோடையிலேயே, தூரத்தில், சின்னச் சத்தத்தில் தொடங்கிப் பழக்குங்கள். ஒருமுறை மிரண்ட நாயைத் திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

இந்தச் சனிக்கிழமை செம்பியோடு மேற்கே போகிறேன். குட்டி நாய் வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். கார்க் கதவை மட்டும் மெல்லச் சாத்துங்கள்.