பிரெஸ்ட் பம்ப் வாடகைக்கு விடுகிறவர்களே, ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதுங்கள்

தாய்ப்பாலை எடுக்கிற கருவியான பிரெஸ்ட் பம்பை வாடகைக்கு விடுகிறவர்கள் ஒப்பந்தத்தை எங்கிருந்து எடுத்து ஒட்டுகிறார்களோ தெரியவில்லை. எனக்குக் கொடுத்த தாளில், "பொருளைக் குறிப்பிட்ட முகவரியை விட்டு வெளியே கொண்டு செல்லக்கூடாது" என்று இருக்கிறது. யாருக்கோ ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்க எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். குறைமாதக் குழந்தை என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், படுத்திருக்கிறது. வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைகிற தாய் பம்பை வெளியே எடுத்துப் போகாமல் என்ன செய்வாள்?

அதைக்கூட விடுங்கள். என் வயிறு எரிவது இந்த வரியைப் படித்துத்தான்: "இயந்திரம் பழுதானால் 7 வேலை நாட்களுக்குள் பரிசோதிக்கப்படும்." ஏழு நாளா! பிறந்த குழந்தை நேரடியாகக் குடிக்க முடியாதபோது 24 மணி நேரத்தில் குறைந்தது எட்டு முறையாவது பால் எடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரலாம். அதைவிட மோசம், பால் வெளியே போகாவிட்டால் உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். பிரசவம் ஆன முதல் சில வாரங்களில் அப்படிக் குறைந்ததைத் திரும்பக் கொண்டுவருவது பெரும் பாடு. பம்ப் கீழே விழுந்தால் தாய் என்ன கட்ட வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதத் தெரிகிறது. பம்ப் தானாக நின்றால் இன்னொன்றை அன்றைக்கே கொண்டுவந்து தருவோம் என்று ஒரு வரி எழுத ஏன் கை வரவில்லை? "உடனடியாக" என்றும் எழுதாதீர்கள். எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு எண்ணையும் போடுங்கள்.

அப்புறம் சுத்தம். பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டுமென்றே செய்யப்பட்ட பம்புகள் உண்டு. பால் மோட்டார் பக்கம் போகாதபடி அவற்றில் தடுப்பு இருக்கும். ஒருவர் மட்டும் பயன்படுத்தச் செய்த பம்பை வாடகைக்கு விடவே கூடாது. உள்ளே பால் புகுந்தால் கழுவ வழியில்லை, பூஞ்சை பிடிக்கும், கிருமி தங்கும். என்னிடம் வந்த தாளில் மாடல் பெயரே இல்லை, "ஹாஸ்பிடல் கிரேட்" (மருத்துவமனைத் தரம்) என்று மட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தப் பெயரை அங்கீகரிப்பதே இல்லை, ஆளாளுக்கு ஒரு அர்த்தத்தில் சொல்கிறார்கள். மாடல், சீரியல் எண், பலருக்கான பம்ப்தானா என்பது, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாலோ மார்போ படுகிற புனல், வால்வு, பாட்டில், கூடவே குழாய், இவை ஒவ்வொரு தாய்க்கும் பிரிக்காத புது செட்டாக வர வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதானால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு சொல்லாதீர்கள்.

டெபாசிட் கதை எல்லா வாடகையிலும் இருப்பதுதான். கொடுக்கும்போதே இருவர் முன்னிலையில் ஓட்டிப் பார்த்து, உறிஞ்சு விசை சரியாக இருக்கிறது, அடாப்டர் இருக்கிறது, இந்த இடத்தில் கீறல் இருக்கிறது என்று குறித்துவிட்டால் திருப்பித் தரும்போது "தேய்மானம்" என்று இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது.

குறைந்தபட்ச வாடகைக் காலம் என்று ஒன்று வைக்கிறார்களே, அதை எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரா? குழந்தை தானே குடிக்கப் பழகிவிட்டதால் பம்பைச் சீக்கிரம் திருப்புகிறவர்கள் உண்டு. குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் திருப்புகிறவர்களும் உண்டு. அந்தத் தாய்க்குப் போன் போட்டு, "இன்னும் நாள் இருக்கிறதே, ஏன் திருப்புகிறீர்கள்?" என்று கேட்பதா? காரணம் கேட்கமாட்டோம், மீதி நாளுக்கான வாடகையைத் திருப்பித் தருவோம் என்று எழுதி வையுங்கள்.

கையெழுத்து வாங்குகிற நேரமும் சரியில்லை. ஆபரேஷன் தையல் வலியோடு, தூக்கமே இல்லாமல் படுத்திருக்கிறவளிடம் பேனாவை நீட்டி "இங்கே, இங்கே" என்று காட்டுகிறார்கள். பெரும்பாலும் கணவரோ அம்மாவோதான் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்யும்போதே ஒப்பந்தத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் யாராவது உட்கார்ந்து படித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.