ஊட்டிக்குப் போனால் கல்விச் சுற்றுலா, பாப்பாரப்பட்டிக்குப் போனால்?

மகள் படிக்கிற பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று நாள் கல்விச் சுற்றுலா. மைசூர், ஊட்டி, திரும்பும்போது பெங்களூரில் ஒரு வாட்டர் பார்க். தலைக்கு ஐயாயிரத்துச் சொச்சம், விருப்பமுள்ளவர்கள் மட்டும். உடனே கட்டைவிரல்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. கட்ட முடியாதவர்கள் குழுவில் எதுவும் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு, நாலாம் நாள் வகுப்பில் மற்றவர்கள் போனில் போட்டோ காட்டுவதைப் பார்க்கும்.

ஊட்டிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடட்டும், சாக்லேட் வாங்கட்டும். அந்த வயசில் ஆடாமல் எப்போது ஆடுவது? ஆனால் அதை இன்பச் சுற்றுலா என்று சொல்லியே வசூல் செய்யுங்கள். கல்வி என்று பெயர் வைத்தால், என்ன கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று கேட்க எனக்கு உரிமை வந்துவிடுகிறது. தாவரவியல் பூங்காவில் செல்பி எடுத்ததைத் தவிர வேறு பதில் இதுவரை வந்ததில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் வருகிற எத்தனையோ விஷயம் டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. சோறு கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். பஸ் காசுதான் செலவு, ஒரு பிள்ளையும் விடுபடாது. ஒன்றே ஒன்று, பருவம் பார்த்துப் போக வேண்டும். நம் பள்ளிகள் அதைத்தான் பார்ப்பதில்லை. பரீட்சை இல்லாத வாரம் எது என்று பார்த்து பஸ் பேசிவிடுகிறார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகள் ராத்திரி பகலாக ஓடும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் வாசலில் வரிசை கட்டி நிற்கும். விளைச்சல் அதிகமானால் விலை ஏன் விழுகிறது, விலையைச் சொல்வது விளைவித்தவரா வாங்குபவரா என்று பொருளாதாரப் பாடத்தில் ஒரு வாரம் கத்துவதற்குப் பதில், அந்த வரிசையில் நிற்கும் டிரைவரிடம் அரை மணி நேரம் பிள்ளைகளைப் பேச விடலாம். ஆகஸ்டில் போனால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

அப்புறம் ஒகேனக்கல். எல்லாப் பள்ளியும் போகிற இடம்தான். அருவி, மீன் வறுவல், பரிசல், திரும்பி வந்தாச்சு. அதிலும் சிலர் ஆடி மாதத்தில் கூட்டிக்கொண்டு போய், காவிரியில் வெள்ளம் வந்து குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டிருக்க, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். தை, மாசியில் போனால் தண்ணீர் குறைந்து பாறை வெளியே தெரியும். கார்பனடைட் என்கிற அரிய வகைப் பாறை அங்கே இருக்கிறது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ புவியியல்காரர்கள் தேடி வந்து பார்க்கிற பாறைமேல் நம் பிள்ளைகள் துண்டு காயப்போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒகேனக்கல்லில் அருவியை விடப் பெரிய பாடம் ஒன்று குழாய்க்குள் ஓடுகிறது. நம் மாவட்டத்தில் வயசானவர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். சின்ன வயசில் நாங்கள் அதை வெற்றிலைக் கறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு செய்த வேலை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வருஷக்கணக்கில் அதற்கு மேல் குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்புக்கும் போகும். முதுகு வளைந்து, மூட்டு மடங்காமல் போனவர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013ல் தொடங்கிவைத்து, இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. 

இதை வைத்து ஒரு வேதியியல் வகுப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு போர் தண்ணீர் ஒரு பாட்டில், குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரட்டும். சின்னப் பரிசோதனைப் பெட்டியில் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். யார் ஊரில் எவ்வளவு என்று மாவட்ட வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த வாரமே அனுமதி வாங்கி நீரேற்று நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அப்படியே அருவியிலும் குளித்துவிட்டு வரட்டும், யார் வேண்டாம் என்றது?

இப்படிச் செய்கிற வாத்தியார்கள் இல்லாமல் இல்லை. என் அக்கா பையன் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அவனுடைய அறிவியல் சார் வகுப்பையே டவுன் பஸ்ஸில் ஏற்றி தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூட்டிப்போனார். விவசாயிகள் கூட்டைத் தட்டில் கொட்டி வைத்திருக்க, வாங்க வந்தவர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்திருக்கிறார். இவனையும் ஆட்டச் சொல்லியிருக்கிறார். உள்ளே லொடலொடவென்று சத்தம். பிளேடால் ஒன்றைக் கீறி, கூட்டுப்புழு செத்துக் கறை பட்டிருக்கிறதா என்றும் காட்டியிருக்கிறார். இவன் கேட்டிருக்கிறான், "அண்ணா, நூல் எடுக்கும்போது இந்தப் புழு என்ன ஆகும்?" அவர் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறார், "ஆவியில வெந்துரும்பா. அது பறந்துட்டா நூல் அறுந்துரும்."

ஒரு நல்ல வெண்கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழை இருக்கும். அன்றைக்கு ராத்திரி அவன் அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்துவைத்துக்கொண்டு, எத்தனை புழு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அக்கா எனக்குப் போன் போட்டு, "இனிமே அந்தப் பொடவைய எப்படிடா கட்டுறது" என்று சாரைத் திட்டினாள். எனக்கு அந்த சாருக்குக் கைகொடுக்க வேண்டும் போல இருந்தது.

வரலாற்றுக்கு ஒரு வருஷம் போதாது. வெட்சி என்றால் மாடு கவர்வது, கரந்தை என்றால் மீட்பது என்று தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களின் நடுகற்களை தர்மபுரியிலேயே பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022ல் அறிவித்தார்கள். விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை ரீடு, மன்றோ என்ற வெள்ளைக்கார அதிகாரிகள் பழகிப் பார்த்ததே, பாராமகால் என்று அப்போது பெயர் கொண்ட நம் பகுதியில்தான், 1792க்குப் பிறகு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23ஆம் தேதி இறந்தது தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில். ராஜாஜி பிறந்த வீடு ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் இருக்கிறது. எத்தனை பள்ளிகள் எட்டிப் பார்க்கின்றன?

சில பருவத்தில் பள்ளியை விட்டு வெளியே போகவே வேண்டாம். மழைக்காலம் முடிகிற சமயம் பெங்களூரை ஒட்டிய பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும். கேழ்வரகு கதிர் முற்றுவதும் அதே நேரம்தான். பிள்ளைகளைக் காட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லவில்லை. ஒரு வனக் காவலரையும், ராத்திரி பரண் மேல் காவல் இருக்கும் ஒரு விவசாயியையும் பள்ளிக்குக் கூப்பிட்டு ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றாக இருக்காது. பிள்ளைகள் கேட்க வேண்டியது அதைத்தான்.

"அதெல்லாம் நம்ம ஊருதானே, அங்க என்ன இருக்கு" என்று என் மகளே சொல்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தூரமாகப் போனால்தான் டூர் என்று பழக்கிவைத்தது நாம். ஆசிரியர்களின் சிரமமும் தெரியும். அனுமதிக் கடிதம், பாதுகாப்பு, யாருக்காவது வாந்தி வந்தால்கூடப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவரை நம்பி மலைப்பாதையில் போவதைவிட இது எவ்வளவோ லேசான பொறுப்பு.

வரும் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மாசி மாதம் புளி உலுக்கும் நேரத்தில் ஒரு நாள், அதற்கு முன்னால் பட்டு வளர்ப்புக்கு ஒரு நாள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். புழு வளர்க்கும் மனைக்குள் கும்பலாக விடமாட்டார்கள், நோய் தொற்றிவிடும் என்கிற பயம் நியாயமானது. அதனால் பத்துப் பத்துப் பேராகத்தான் போக முடியும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பட்டு வளர்க்கிற அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு காலை நேரம் பிள்ளைகளை அனுமதிக்க முடியுமா என்று உள்பெட்டியில் சொல்லுங்கள். கால் கழுவி, செருப்பை வெளியே விட்டுத்தான் வருவார்கள்.